காஞ்சனபுரியில் ஒரு பெயர் தேடி...

"சயாமுக்குப் போனவர், திரும்பி வரவில்லை."

இப்படி ஒருவரைச் சொல்லாத பழைய தோட்டத்துக் குடும்பம் நம் நாட்டில் குறைவு. தாத்தாவாக இருக்கலாம், தாத்தாவின் அண்ணனாக இருக்கலாம், பாட்டியின் முதல் கணவராகக்கூட இருக்கலாம். அந்த ஒரு வரிக்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எந்த மாதம் போனார், எந்த முகாமில் கிடந்தார், எந்த நாளில் கண்ணை மூடினார் என்று கேட்டால் பெரியவர்கள் கையை விரிப்பார்கள்.

வாசகர்களே, அந்தச் சயாமுக்குத்தான் இந்த முறை உங்களை அழைத்துப் போகிறேன். இப்போது அதற்குத் தாய்லாந்து என்று பெயர். நாம் போகும் ஊர் காஞ்சனபுரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். "சரித்திரம் படித்து என்ன ஆகப்போகிறது? சோறு போடுமா?" என்று கேட்கிற வயதுப் பிள்ளைகள் என்றால் இன்னும் நல்லது.

பாடாங் பெசாரில் பாஸ்போர்ட் சோதனையை முடித்துக்கொண்டு பேங்காக் ரயிலில் ஏறினால், ஓர் இரவு முழுவதும் பயணம். படுக்கை உண்டு, தலையணை, போர்வை எல்லாம் கொடுப்பார்கள். பேங்காக் வரை போகத் தேவையில்லை. அதற்கு முன்பே நக்கோன் பத்தோமில் இறங்கி, காஞ்சனபுரி வழியாக நாம் தோக் என்ற ஊர் வரை போகும் வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்பு வண்டிதான். சன்னல் திறந்திருக்கும், காற்று நன்றாக வரும். கூடையில் சோற்றுப் பொட்டலமும் வறுத்த கோழியும் கொண்டுவந்து விற்பார்கள்.

நம்மவர்கள் போனதும் இதே தண்டவாளத்தில்தான். ஆனால் சாமான் ஏற்றும் இரும்புப் பெட்டிகளில் போனார்கள். பகலில் வெயில் காய்ச்ச, இரவில் குளிர் நடுக்க, உட்காரவும் இடமில்லாமல் பல நாள் பயணம். பான் பொங் என்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பலர் காட்டுக்குள் நடந்தே போனார்கள்.

எதற்காக அந்தப் பாதை என்று பிள்ளைகள் கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சாமான் போக வேண்டும். மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் அனுப்பினால் எதிரிகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் தாக்கும். ஆகவே சயாமில் நோங் பிளாடுக் என்ற ஊரிலிருந்து பர்மாவில் தான்பியூஸயாட் வரை, மலையையும் காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். 1942-இல் தொடங்கிய வேலை. இரு பக்கத்திலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபர் 17-ஆம் தேதி ஒன்று சேர்ந்தன. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். இவர்களில் மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 75,000-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மொத்த ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். "இருக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் கதையே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

ஏன் போனார்கள்? ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை ஏற்றிப் போகக் கப்பல் இல்லை; பால்வெட்டு நின்றுவிட்டது. அரிசி கிடைக்கவில்லை. லயத்தைச் சுற்றி மரவள்ளியை நட்டுத் தின்று காலம் தள்ளினார்கள். அந்த நேரத்தில், "மூன்று மாத வேலை, தினம் ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம்" என்று சொன்னால் யார்தான் போகமாட்டார்கள்? முதலில் விரும்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் பயந்து ஒளியத் தொடங்கியதும், கட்டாயப்படுத்திப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டார்கள். கள்ளுக்கடையிலும் படக் கொட்டகையிலும் வளைத்துப் பிடித்த கதைகளை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு வெள்ளி சம்பளம் என்பதும் வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டுதான். போர் முடிந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது.

ஆட்களை மட்டும் கொண்டுபோகவில்லை. தண்டவாளத்தையும் நம் நாட்டிலிருந்தே பெயர்த்துக்கொண்டு போனார்கள். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ஜப்பானியர் அந்தக் கிளைப் பாதையைக் கழற்றிச் சயாம் பாதைக்குக் கொண்டுபோன பிறகு அது மீண்டும் போடப்படவே இல்லை. இன்றைக்கும் மலாக்காவுக்குப் போகிறவர்கள் தம்பின் பக்கம் புலாவ் செபாங் நிலையத்தில் இறங்கி, பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டியிருக்கிறது அல்லவா? மூட்டை முடிச்சோடு அங்கே நிற்கும்போது, அது 1943-இன் பாக்கி என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கிழக்குக் கரைப் பாதையிலும் பெரும் பகுதியைப் பெயர்த்தார்கள். அதைப் போருக்குப் பின் மறுபடி போட்டார்கள்.

காஞ்சனபுரி நிலையத்தில் இறங்கியதும் எல்லாரும் பாலத்தைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் முதலில் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், கட்டணம் கிடையாது. உள்ளே நுழைந்ததும் பேச்சு தானாக அடங்கிவிடும். வெட்டிச் சமன் செய்த பச்சைப் புல். வரிசை வரிசையாகக் கற்கள், ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் ஒரு பூச்செடி. 6,982 பேர் இங்கே இருக்கிறார்கள். குனிந்து படியுங்கள். பெயர், படை எண், பட்டாளம், இறந்த தேதி, வயது. சில கற்களின் அடியில், ஊரிலிருக்கும் தாயோ மனைவியோ எழுதிக் கொடுத்த ஒரு வரி. இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்று வயதைப் படித்துக்கொண்டே போகும்போது, வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்ற எண்ணம் போய்விடும். பெற்றவளுக்குப் பிள்ளை பிள்ளைதான்.

மண்டபத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதையும் பாருங்கள். வாந்திபேதியில் இறந்தவர்களைப் புதைத்தால் நோய் பரவும் என்று எரித்துவிடுவது அப்போதைய வழக்கம். அப்படி எரித்த 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இங்கே இருக்கிறது. யாருடைய சாம்பல் எது என்று பிரிக்க முடியாது. ஆனாலும் அந்த 300 பேரின் பெயர்களையும் ஒன்று விடாமல் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

எப்படி முடிந்தது? அவர்கள் எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம். முகாம்களில் காகிதம் கிடைப்பதே கடினம். பிடிபட்டால் அடி உதை. அப்படியும் அதிகாரிகள் இறந்தவனின் பெயர், எண், தேதி, புதைத்த இடம் எல்லாவற்றையும் துண்டுத் தாள்களில் எழுதி, மூங்கில் குழாய்க்குள்ளும் மண்ணுக்கு அடியிலும் மறைத்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில், போர் முடிந்த சூட்டோடு, விடுதலையான கைதிகளில் சிலர் ஊருக்குப் போகாமல் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே பாதையில் போனார்கள். 144 இடங்களில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தேடியதில் கிடைக்காதவை ஐம்பத்திரண்டுதான். சாகப் பிழைத்து வந்தவன், மீண்டும் அந்தக் காட்டுக்குள் எலும்பு தேடிப் போவதென்றால் சாதாரணமா? அந்த வெள்ளைக்காரர்களுக்கு நாம் தலைவணங்கத்தான் வேண்டும்.

அந்தத் துண்டுத் தாள்கள் பிற்காலத்தில் சோறும் போட்டன. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம், ஜப்பானியரிடம் கைதியாக இருந்து உயிரோடு இருப்பவர்களுக்கும், இறந்தவர்களின் விதவைகளுக்கும் ஆளுக்கு 10,000 பவுன் கொடுத்தது. மறு ஆண்டு ஆஸ்திரேலிய அரசாங்கம் தன் ஆட்களுக்கு 25,000 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தது. எண்பது வயதுக் கிழவியும் தன் கணவர் கைதியாக இருந்ததைப் பதிவேட்டைக் காட்டி நிரூபிக்க முடிந்தது.

நம் பக்கம் என்ன இருந்தது? தொழிலாளர் முகாம்களில் தங்கள் ஆட்களுக்குக் கணக்கு வைக்க ஓர் அதிகாரி இல்லை. கைதிகளுக்குக் கையில் மருந்து இல்லாவிட்டாலும் சொந்த டாக்டர்களாவது இருந்தார்கள். நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. 1943-இல் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் வாந்திபேதி வந்தது. முகாம் முகாமாக மடிந்தார்கள். எரித்தார்கள், குழியில் தள்ளினார்கள், சில இடங்களில் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். போருக்குப் பிறகு 1946-இல், சயாம் பக்கத்துப் பாதையைத் தாய்லாந்து அரசாங்கத்துக்குப் பிரிட்டிஷார் விற்றார்கள். விலை 12,50,000 பவுன். அண்டை நாடுகளிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த தண்டவாளத்துக்கும் சாமான்களுக்கும் அந்தப் பணத்தில் ஈடு கட்டினார்கள். இரும்புக்குக் கணக்குப் புத்தகம் இருந்தது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயில். வியட்நாமியர் பாணியில் கட்டியது. ஊரார் வாட் யுவான் என்றும் சொல்வார்கள். இதன் வளாகத்தில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. பாதையோரக் குழிகளிலிருந்து எடுத்துவந்த ஆயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் அதன் அடியில் இருக்கின்றன. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தில் மண்ணைத் தோண்டியபோது இன்னும் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றில் எது மலாய்க்காரர், எது தமிழர், எது சீனர் என்று யார் சொல்ல முடியும்? நம் தாத்தாக்களின் கல்லறை என்று ஓர் இடத்தைச் சுட்டிக் காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்ட வேண்டும். பெயர் ஒன்றுமில்லை. 2023-இல் இதே கோயிலில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் நிறுத்தப்பட்டது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் முன்னோர் வழக்கம். எண்பது ஆண்டு தாமதம் என்றாலும், நம் எழுத்தைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வருகிறது. பூ வாங்கிக்கொண்டு போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள்.

பிறகு பாலத்துக்குப் போகலாம். வளைந்த இரும்புக் கட்டங்கள் ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த பழையவை. நடுவில் நேராக இருப்பவை, குண்டு விழுந்து உடைந்த இடத்தில் போருக்குப் பின் வைத்தவை. ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். குவாய் நதிப் பாலம் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் கதை எழுதினார். 1957-இல் அது ஆங்கிலப் படமாக வந்து உலகமெல்லாம் ஓடியது. படம் பிடித்ததோ இலங்கையில்! படத்தைப் பார்த்துவிட்டுக் குவாய் நதி எங்கே என்று கேட்டு வந்தவர்களுக்கு, இந்தப் பாலத்தின் கீழே ஓடுவது மே குளோங் என்ற வேறு நதி என்று சொல்ல மனம் வருமா? 1960-இல் ஆற்றின் இந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். படத்துக்காக ஆறே பெயர் மாற்றிக்கொண்டது; அந்தப் படத்தில் நம் ஆட்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். நம் மொழியில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார். நூலகத்தில் கிடைத்தால் புறப்படுமுன் படித்துவிட்டுப் போங்கள்.

பாலத்துக்கு அருகில் ஜப்பானியரே 1944-இல் கட்டிய ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. அதில் பல மொழிகளில் இரங்கல் வாசகம் பதித்திருக்கிறார்கள். தமிழும் அவற்றில் ஒன்று. தமிழர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்பது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. இல்லாவிட்டால் அந்நிய நாட்டுக் காட்டோரத்தில் தமிழை எதற்குக் கல்லில் வெட்டப் போகிறான்?

நாம் தோக் வண்டியில் மறுபடி ஏறி மேலே போனால், வாங் போ என்ற இடத்தில் ரயில் நத்தை போல் ஊரும். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறு பக்கம் கீழே ஆறு. மரத் தூண்களின் மேல் பாதை நிற்கிறது. எல்லாரும் சன்னல் வழியே தலையை நீட்டிப் படம் எடுப்பார்கள். அழகான இடம்தான், மறுக்கவில்லை. நாம் தோக்கோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் காடு மூடிவிட்டது. சடக்கு வழியாக இன்னும் கொஞ்சம் போனால், மலையைக் கையால் வெட்டிய 'ஹெல்பயர் பாஸ்' என்னும் கணவாய் இருக்கிறது. 1998-இல் ஆஸ்திரேலியர்கள் அங்கே ஒரு காட்சியகம் கட்டினார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் தேதி விடியற்காலையில் அங்கே கூடி இறந்தவர்களை நினைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். பேரன் பேத்திகள் எல்லாம் கடல் கடந்து வருகிறார்கள்.

இனி வீட்டுக்குத் திரும்பி யோசித்துப் பாருங்கள். ஒருவர் இறந்த தேதி தெரியாவிட்டால் திதி எப்படிக் கொடுப்பது? புரட்டாசி அமாவாசையில் பொதுவாகத்தான் கொடுக்க வேண்டும். செத்த செய்தியே வராதபோது மனைவி தாலியைக் கழற்றுவாளா, பொட்டை அழிப்பாளா? இன்று வருவார், நாளை வருவார் என்று வருஷக்கணக்கில் பூவும் பொட்டுமாகக் காத்திருந்த பெண்களும் உண்டு. காத்திருக்க வழியில்லாமல் பிள்ளைகளுக்காக வேறொருவரைக் கட்டிக்கொண்ட பெண்களும் உண்டு. இரண்டாவது வகைப் பெண்களை லயத்தில் எப்படிப் பேசினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது நியாயமில்லாத பேச்சு.

சில வீடுகளில் பாட்டி, மரவள்ளிக் கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்னும் சில வீடுகளில் அரிசிப் பானை பாதிக்குக் கீழே இறங்கினால் தூக்கம் வராது. பெரிய மகள் பத்து வயதில் பள்ளியை விட்டுப் புல் வெட்டப் போயிருப்பார்; தம்பி மட்டும் படித்திருப்பார். குடும்பத்தில் ஏன் இப்படி என்று பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. பாட்டி கருமி, பெரியத்தை கோபக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சம்பாதிக்கிற ஆண்பிள்ளை 1943-இல் போய்விட்ட வீடு அது என்று தெரிந்தால் அப்படிப் பேசுவார்களா?

எழுத்தில் பெயர் ஏறுவதன் அருமையை நம்மைவிட அறிந்தவர்கள் யார்? பெரட்டில் நின்று, செக்ரோலில் பெயர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல், சுதந்திரத்துக்குப் பிறகும் ஆயுள் முழுவதும் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்து மறைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சேமநிதியில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் 'லட்சுமி'யை எழுதி வைத்ததால் பணம் வாங்க அலைந்தவர்கள் எத்தனை பேர்! ஓர் எழுத்து மாறினாலே இந்தப் பாடு. ஒரு மனிதனே எழுதப்படாமல் போனால்?

தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு, வீட்டு மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. லயத்தை உடைக்கும்போது பழைய பதிவேடுகளும் குப்பையோடு போய்விடுகின்றன. தமிழ்ப் பள்ளியின் மாணவர் சேர்க்கைப் புத்தகத்தில் தகப்பனார் பெயர் இருக்கும். மாரியம்மன் கோயில் வரவுசெலவு நோட்டில், தீமிதிக்குக் காசு கொடுத்தவர்கள் பெயர் இருக்கும். கறையான் அரித்த நோட்டு என்று நினைக்காதீர்கள். உங்கள் தாத்தாவின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அதுவாகக்கூட இருக்கலாம்.

காஞ்சனபுரிக்குப் புறப்படுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால், சயாமுக்குப் போனவரைப் பற்றிக் கேளுங்கள். ஒரேயடியாகக் கேட்டால் பேசமாட்டார்கள்; சாயங்காலத் தேநீர் நேரத்தில் மெல்லக் கேளுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், புறப்பட்ட தோட்டம், கூடப் போனவர்கள், வீட்டில் அப்போது பிறந்திருந்த குழந்தை யார் என்பது. குழந்தையின் வயதை வைத்து ஆண்டைப் பிடித்துவிடலாம். தோட்டத்துக்கு நாம் வைத்த தமிழ்ப் பெயரை மட்டும் எழுதாமல், கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பழைய பதிவுகளில் அந்தப் பெயர்தான் இருக்கும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். மற்றதை வாட் தாவோர்ன் கோயிலில் அந்தத் தூணுக்கு முன்னால் நின்று உரக்கப் படியுங்கள். பத்து பேர் போனால் பத்துப் பெயர்.

திரும்பும் வண்டி பிற்பகலில்தான். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் புறப்படலாம்.